கையொப்பம் கேட்கப்படாத கரை

2004 டிசம்பர் 26 காலை, இலங்கையில் அதிக உயிர்களைக் கடலுக்குக் கொடுத்த மாவட்டம் அம்பாறை. நாடெங்கும் மாண்ட 35,000-க்கு மேற்பட்டோரில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இந்தக் கரையில் இறந்தவர்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று சுவரோடு சுவர் ஒட்டி நின்ற ஊர்களின் கடலோர வளவுகள் ஒரு முற்பகலுக்குள் வெட்டவெளியாகின. மையவாடிகளில் ஒரே குழிக்குள் பலரை அடக்கினார்கள்.

ஆறு மாதம் சென்று, 2005 ஜூன் 24 அன்று, உலகம் அனுப்பிய உதவிப் பணத்தை வடக்கு கிழக்கில் பங்கிடுவதற்கான ‘பொதுக்கட்டமைப்பு’ கையொப்பமானது. கையொப்பமிட்ட தரப்புகள் இரண்டு: அரசாங்கம், விடுதலைப் புலிகள். முஸ்லிம்களுக்குக் குழுக்களில் இடம் இருந்தது. உயர்மட்டக் குழுவின் மூவரில் ஒருவர் முஸ்லிம். கிளிநொச்சியில் கூட இருந்த பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத கணக்கு என்றே தோன்றும். ஆனால் அந்தக் கணக்கைப் போட்ட மேசையில் முஸ்லிம் தரப்பு இருக்கவில்லை. முடிவான பிறகு, உங்களுக்கு இத்தனை என்று சொல்லி அனுப்பப்பட்டது.

அந்த ஏற்பாடு ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை என்பது வேறு கதை. ஜே.வி.பி. அரசிலிருந்து வெளியேறியது, உயர் நீதிமன்றம் ஜூலை 15 அன்று அதன் முக்கியமான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. நிதியைப் பொறுப்பெடுக்கத் தயாராக இருந்த உலக வங்கியும், வற்புறுத்தி நின்ற கொடை நாடுகளும் கையைப் பிசைந்தன. கல்முனைக் கடற்கரைக் கூடாரங்களில் இருந்தவர்களுக்கு இதில் ஒரு பாடம் கிடைத்தது. வெளியுலகம் ஒரு நாட்டில் நிலைத்தன்மையை ஏற்படுத்த வரும்போது முதலில் கேட்கும் கேள்வி, துவக்கு யாரிடம் இருக்கிறது என்பது. அது இல்லாதவனுக்குக் கதிரை பிறகுதான்.

இந்தப் பாடம் 2005-இல் புதிதாக வந்ததல்ல. 1987 ஜூலை 29 இலங்கை இந்திய ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக இணைத்தபோது, கிழக்கின் மக்கள் தொகையில் மூன்றிலொரு பங்காக இருந்த முஸ்லிம்களிடம் டில்லியும் கேட்கவில்லை, கொழும்பும் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில் வளர்ந்ததுதான் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முஸ்லிம் காங்கிரஸ். 1988-இல் இந்தியப் படையின் நிழலில் நடந்த வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் அது 17 ஆசனங்களைப் பிடித்து எதிர்க்கட்சியானது. ஒரு வல்லரசு போட்ட ஏற்பாட்டை ஏற்காதவர்கள் அதே ஏற்பாட்டின் தேர்தலில் நின்று குரல் எழுப்பிய அந்த முடிவை அஷ்ரஃபின் அரசியல் சாமர்த்தியத்துக்கு நல்ல உதாரணமாகச் சொல்வேன். 1990 மார்ச்சில் இந்தியப் படை கப்பலேறியது. ஜூனில் புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களை வளைத்தார்கள். கல்முனை நிலையமும் அதில் அடக்கம். சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். திரும்பி வந்த இராணுவம் கல்முனைத் தமிழர்களைக் கொன்றும் காணாமலாக்கியும் பழி தீர்த்தது. ஆகஸ்டில் புலிகள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்களைக் கொன்றார்கள். கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்கு ஒருவர் போகப் பயந்தது அந்தக் கோடையிலிருந்துதான்.

பிறகு 2002. மத்தியஸ்தராக நோர்வே வந்தது.

பெப்ரவரி 23-இல் நடைமுறைக்கு வந்த போர்நிறுத்த ஒப்பந்தத்தை இன்று எடுத்து வாசித்தால் ஒரு சின்னப் பிரிவு கண்ணில் குத்துகிறது. ஆறு மாவட்டங்களில் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுக்கள். அம்பாறையும் அதில் ஒன்று. ஒவ்வொரு குழுவிலும் ஐந்து பேர். அரசு நியமிப்பது இரண்டு, புலிகள் நியமிப்பது இரண்டு, வெளிநாட்டுக் கண்காணிப்பாளர் ஒருவர். அம்பாறை மாவட்டத்தின் ஆகப் பெரிய சமூகம் முஸ்லிம்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி சுமார் 43 சதவீதம், சிங்களவர் 39, தமிழர் 17. அந்தப் பெரிய சமூகத்துக்கு அந்த ஐந்தில் உரித்தான இடம் ஒன்றுமில்லை. அரசு தன் பங்கில் ஒருவரைப் போட்டால் உண்டு. வயலுக்குப் போகிறவனிடம் கப்பம் கேட்டால், உழவு மெசினைப் பறித்துக்கொண்டு போனால், முறைப்பாட்டை எழுதிக்கொடுக்கலாம். அதை விசாரிக்க உட்காருகிறவர்களில் இரண்டு பேர் கப்பம் கேட்டவரின் ஆட்கள்.

வெள்ளை வாகனங்களில் வந்த நோர்டிக் நாட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். பலர் பொறுமையாகக் கேட்டார்கள், பதிந்தார்கள். அவர்கள் கையில் இருந்த படிவத்தில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன.

முஸ்லிம் தலைமை சும்மா இருந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2002 ஏப்ரல் 13-இல் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் கிளிநொச்சி போய் பிரபாகரனோடு உடன்பாடு ஒன்றில் கையொப்பமிட்டார். வடக்கிலிருந்து புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் திரும்பலாம், கிழக்கில் கப்பம் நிற்கும், பேச்சுவார்த்தையில் முஸ்லிம்களும் பங்கு கொள்ளலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தாஹிப்பில் முதல் சுற்று தொடங்கியபோது ஹக்கீம் மேசையில் இருந்தார். அரசாங்கக் குழுவின் உறுப்பினராக, அமைச்சராக. இங்கேதான் நம் பக்கத்துப் பலவீனம். அமைச்சுப் பதவியும் வேண்டும், தனித் தரப்பும் வேண்டும் என்றால் ஒஸ்லோக்காரனுக்கு எது என்று குழப்பம் வராதா? அஷ்ரஃப் 2000 செப்டெம்பர் 16 ஹெலிகொப்டர் விபத்தில் போன பிறகு கட்சி உடைந்தது. அவருடைய மனைவி பேரியல் அஷ்ரஃப் ஒரு பக்கம், அக்கரைப்பற்றின் அதாவுல்லா ஒரு பக்கம், பிறகு இன்னும் சிலர் வேறு பக்கங்கள். முஸ்லிம்களின் சார்பில் யாரோடு பேசுவது என்று மத்தியஸ்தர்கள் கேட்டபோது அது தட்டிக்கழிக்கும் சாட்டாகவும் இருந்தது, நியாயமான கேள்வியாகவும் இருந்தது.

2003 ஜனவரி 29. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கூட்டிய பேரணிக்கு கிழக்கின் ஊர்களிலிருந்து பஸ்ஸிலும் லொறியிலும் சனம் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது. முஸ்லிம்கள் தனித் தேசியம், தம் பகுதிகளில் சுயாட்சி, பேச்சுவார்த்தையில் தனித் தரப்பு என்று அங்கே வாசித்த ஒலுவில் பிரகடனம், இந்தக் கரையின் இளைஞர்கள் கொழும்பைத் தாண்டி உலகத்தைப் பார்த்து நேரே பேசிய முதல் சந்தர்ப்பம் என்பேன். அதற்கு மூன்று வாரம் முன்பு, அந்த மாதத்துச் சுற்றிலேயே, உரிய நேரத்தில் முஸ்லிம் பிரதிநிதிகளுக்கு இடம் தரப்படும் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டிருந்தன. அந்த உரிய நேரம் வரவே இல்லை. பேர்லின், ஹக்கோனே சுற்றுகளும் முடிந்து, ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். ஜூனில் டோக்கியோவில் கொடை நாடுகள் கூடி 450 கோடி டொலர் தருவதாக வாக்களித்தன. பணத்தைச் சமாதான முன்னேற்றத்தோடு கட்டினார்கள். முன்னேற்றம் என்றால் என்ன? இரண்டு கையொப்பக்காரர்களும் முன்னேறுவதுதான்.

2006 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், டென்மார்க், பின்லாந்து, சுவீடன் கண்காணிப்பாளர்கள் வெளியேறினார்கள்; நோர்வேயும் ஐஸ்லாந்தும் மிஞ்சின. 2008 ஜனவரி 16-உடன் ஒப்பந்தமே முடிந்தது. தன் முயற்சி ஏன் தோற்றது என்று நோர்வே பிறகு தானே செலவழித்து ஒரு மதிப்பீடு செய்வித்து 2011-இல் வெளியிட்டது. நம் அரசுகளில் எதுவாவது இப்படி ஒரு காரியம் செய்ததா என்று கேட்டால் பதில் இல்லை. அந்த மரியாதையை நோர்வேக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

சமாதானம் மேசையில் தடுமாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் உதவி தரையில் இறங்கியது. கரையோர மக்கள் வெளியுலகத்தை உண்மையில் தொட்டுப் பார்த்தது அங்கேதான்.

சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் வீடு கட்டத் தடை வந்தது. தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர். ஏன் இந்த இரட்டிப்பு என்று யாரும் விளக்கவில்லை. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலுக்கும் பிரதான வீதிக்கும் இடையே இருப்பதே கொஞ்சம். வீதிக்கு மேற்கே சிறிது குடியிருப்பு, பிறகு வயல், பிறகு வேறு மாதிரி அரசியல். இருநூறு மீற்றரை அளந்து கல் நட்டால் ஊரில் பாதி போய்விடும். எதிர்ப்பு எழுந்து எல்லை தளர்ந்தது. மருதமுனை மேட்டுவட்டையில் ஒரு குடியிருப்புக்கு ‘65 மீற்றர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வீட்டு உறுதியிலும் ஒரு கோளாறு நடந்தது. கிழக்கில் வீடு பெண்ணின் சொத்து. முஸ்லிம், தமிழர் இரு சாராருக்கும் இது பொது. மகள் பிறந்த நாள் முதல் தகப்பன் கல்லும் மரமும் சேர்ப்பார். வெளிநாடு போய் உழைக்கும் தம்பியின் காசும் அக்காவின் வீட்டுக்கே போகும். கலியாணத்தன்று மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். மூத்தவளுக்கு வீட்டை ஒப்படைத்துவிட்டு வாப்பாவும் உம்மாவும் அடுத்தவளுக்காகப் பக்கத்து வளவில் இன்னொன்று எழுப்புவார்கள். அக்கரைப்பற்றில் பல தசாப்தம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். சுனாமிப் படிவங்களிலோ ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு வரி. அந்த வரியில் புருஷனின் பெயர் விழுந்தது. பெண்ணின் சீதன வீடு போன இடத்தில் ஆணின் பெயரில் வீடு வந்தது. மனைவியைக் கடலுக்குக் கொடுத்தவர் மறுமணம் முடித்தால் அந்த வீடு முதல் தாரத்துப் பெண்பிள்ளைகளுக்கா, புதிய குடும்பத்துக்கா? பெண் உரிமைக்கென்று தனி அலுவலர் வைத்திருந்த நிறுவனங்களும் இதைக் கவனிக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டிருந்தால் ஒரு தேநீர் குடித்து முடிவதற்குள் சொல்லியிருப்பார்கள். எங்கள் ஆண்களும் பேசாமல் கையொப்பம் வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி நுரைச்சோலை. அக்கரைப்பற்றுக்கு உள்ளே, சவூதி அரேபியா கொடுத்த பணத்தில் சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக 500 வீடுகள் கட்டப்பட்டன. பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை, பஸ் நிலையம் எல்லாம் சேர்த்து ஒரு முழு ஊர். தீகவாபி விகாரையின் சுற்றாடல் என்று சொல்லி ஜாதிக ஹெல உறுமயவின் எல்லாவல மேதானந்த தேரர் தரப்பு உயர் நீதிமன்றம் போனது. 2009 ஜூனில் தீர்ப்பு: வீடுகளை முஸ்லிம்களுக்கு மட்டும் கொடுக்க முடியாது, நாட்டின் இன விகிதாசாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். கடல் விகிதாசாரம் பார்த்து அடித்ததா என்று அக்கரைப்பற்றில் கேட்டுக்கொண்டார்கள். வீடுகள் பூட்டியே கிடந்தன. கூரை போனது, யன்னல் போனது, பற்றை ஏறியது. ஒவ்வொரு தேர்தலிலும் திறப்பதாக ஒரு வாக்குறுதி வரும்.

இதில் சவூதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் கொடுத்தது, கட்டியது. குறை எங்கே என்றால், இந்தக் கரையின் ஆழமான சண்டை காணிச் சண்டை என்பதை வெளியிலிருந்து வந்தவர்கள் ஒருபோதும் மேசைக்கு எடுக்கவில்லை. கல்லோயாத் திட்டத்திலிருந்து தொடங்குகிறது அது. 1949-இல் இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனமான மொரிசன் நட்சன் அணைக்கட்டு வேலையைத் தொடங்கியது. மாதிரி அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு. சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களுக்கும் வந்தது, மறுக்கவில்லை. கூடவே மேற்கே சிங்களக் குடியேற்றங்கள் வந்தன, 1961-இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் வந்தது, கச்சேரி கரையிலிருந்து உள்ளே போனது. கரையோர முஸ்லிமுக்கும் தமிழனுக்கும் காணிக் கடதாசி ஒன்று வேண்டுமென்றால் அம்பாறை நகருக்குப் போய்ச் சிங்களத்தில் வாங்கி வர வேண்டும். கரையோர மாவட்டம் கேட்டுத் தொண்டை வற்றியவர்கள் பலர் மௌத்தாகியும் விட்டார்கள். இதெல்லாம் கொடை நாடுகளின் அறிக்கைகளில் நிர்வாக விவகாரம் என்று அடிக்குறிப்பில் வரும். கரைக்கு இதுதான் அரசியல்.

ஒலுவில் துறைமுகம் அஷ்ரஃபின் கனவு. டென்மார்க் கடனில் 2008-இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் மஹிந்த ராஜபக்ஷ திறந்து வைத்தார். எங்கள் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டே இருக்கும். கரைவலைக்காரர் எவரும் சொல்வார். அந்த ஓட்டத்தின் குறுக்கே அலைதடுப்பு நீண்டது. தெற்குப் பக்கத்தில் மணல் குவிந்து, வாய்க்குள்ளும் நுழைந்து, படகு போக முடியாமல் அடைத்தது. மணல் வராத வடக்குப் பக்கத்தில் கடல் தரையைத் தின்றது. தென்னைகள் வேரோடு விழுந்தன. நிந்தவூர்ப் பக்கம் வலை இழுக்க நின்ற கரையே கடலுக்குள் போனது. துறைமுகத்துக்குக் காணி கொடுத்தவர்கள் நட்டஈட்டுக்கு வருடக்கணக்கில் அலைந்தார்கள். கப்பல் வரவில்லை, வாயில் தோண்டுவதும் மணல் மறுபடி மூடுவதுமாகவே காலம் போனது. மீனவன் ஒருவனையாவது திட்டக்குழுவில் உட்கார வைத்திருந்தால் இந்தக் கடன் இப்படி முடிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

யுத்தம் முடிந்த பிறகு உலகத்தின் அக்கறை ஜெனீவாவுக்கு மாறியது. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 விசாரணை அறிக்கை கனமானது, அவசியமானது. அது எடுத்துக்கொண்ட காலம் 2002 பெப்ரவரி முதல் 2011 நவம்பர் வரை. 1990-இல் மாண்டவர்கள் அந்தக் கால எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள். பள்ளிவாசலில் தொழுகையில் விழுந்த முஸ்லிமும், கல்முனையில் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தமிழ் இளைஞனும், சரணடைந்து சுடப்பட்ட பொலிஸ்காரனும் ஒன்றாக. இந்த விஷயத்தில் மட்டும் கரையின் எல்லா இனமும் சமம்.

2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருது உலகச் செய்தியானது. ஈஸ்டர் ஞாயிறு குண்டுத் தாக்குதல்களை நடத்திவிட்டு ஒளிந்திருந்த சஹ்ரானின் கூட்டம் படையினரோடு மோதி, குழந்தைகளையும் சேர்த்து வெடிக்க வைத்துக்கொண்டது. சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களே. அந்த வீடு இருந்த இடம் வொலிவேரியன் கிராமம். சுனாமிக்குப் பின் வெனிசுவேலா உதவியில் எழுந்ததால் தென்னமெரிக்க விடுதலை வீரர் பொலிவாரின் பெயர் எங்கள் வாயில் இப்படித் திரிந்து நிற்கிறது. மறுநாள் வந்த வெளிநாட்டு நிருபர்கள் அதைத் தீவிரவாதிகளின் ஒளிவிடம் என்று எழுதினார்கள். சுனாமியில் எல்லாம் இழந்தவர்களின் குடியிருப்பு அது என்று எழுதியவர் குறைவு.

அடுத்த ஆண்டு கொரோனா. முஸ்லிம் ஜனாஸாக்களையும் எரித்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கதறியும் அசையாத அரசு, 2021 பெப்ரவரியில் அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்து போன மறுநாள் அடக்க அனுமதித்து வர்த்தமானி வெளியிட்டது. ஜனாஸாக்கள் ஓட்டமாவடிக்குப் போயின. வெளியுலகத் தலையீடு இவ்வளவு சுளுவாகப் பலித்த சந்தர்ப்பம் எங்கள் அனுபவத்தில் வேறு கிடையாது. அதற்கொரு விலையும் இருந்தது. மார்ச் 23 ஜெனீவாவில் இலங்கை மீதான தீர்மானம் 22-க்கு 11 என்று நிறைவேறியபோது, எதிர்த்து வாக்களித்த பதினொன்றில் பாகிஸ்தான் இருந்தது. பங்களாதேஷ் இருந்தது. எங்களுக்கு ஊர் கட்டித் தந்த வெனிசுவேலாவும் இருந்தது.

நம்மைக் கேட்கவில்லை என்று எழுதிக்கொண்டே போகும்போது பேனை ஓரிடத்தில் தயங்குகிறது. கல்முனை நகரிலேயே அதே வார்த்தையைத் தமிழர்கள் எங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுச் செயலகமாக்குங்கள் என்பது அவர்களின் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட கோரிக்கை. 2019 ஜூனில் விகாராதிபதி, இந்துக் குருக்கள், மாநகர சபை உறுப்பினர்கள் என்று பலர் அதற்காக உண்ணாவிரதம் இருந்தார்கள். முஸ்லிம் தரப்பின் பதில், நகரத்தின் எல்லையும் கடைத்தெருவும் காணியும் எங்கே போகும் என்பது. நியாயமான கேள்விதான், ஆனால் அதைச் சொல்லித் தள்ளிப்போட்டே ஒரு தலைமுறை போய்விட்டது. ஒரே நகரில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் நடக்கின்றன, வடக்கு வைத்தியசாலையும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும். எது யாருடையது என்று ஊருக்கே தெரியும். சாய்ந்தமருது தனி நகர சபை கேட்டது. 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து, சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது.

இப்போது சர்வதேச நாணய நிதியத்தின் காலம். 2023 மார்ச்சில் 290 கோடி டொலர் ஏற்பாடு வந்தது. நிலைத்தன்மை என்றால் இன்று வட்டி வீதமும் வரிக் கோவையும். தூதரக வாகனங்கள் கல்முனைக்கு இன்னும் வருகின்றன, நல்லிணக்கச் செயலமர்வுகள் நடக்கின்றன, மதிய உணவுப் பொதி நன்றாகவே இருக்கிறது. வருகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் உண்டு: எல்லை நிர்ணயம், காணி, பிரதேச செயலகம் மூன்றையும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மேசையில் வைத்துப் பேசும்வரை கூட இருக்க உங்களால் முடியுமா? துவக்கு யாரிடமும் இல்லாத பேச்சு அது, ஆகவே செய்தியாகாது.

2025 மே 6-இல் நாடெங்கும் 339 உள்ளூராட்சி சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. கல்முனை மாநகர சபை அந்தப் பட்டியலில் இல்லை. வழக்கு நிலுவையில் இருந்ததால் தேர்தல் நடத்தப்படவில்லை. பழைய சபையின் காலம் 2023 மார்ச்சிலேயே முடிந்திருந்தது. மருதமுனைக்காரரும் பாண்டிருப்புக்காரரும் சாய்ந்தமருதுக்காரரும் வடிகான் அடைத்தால், தெருவிளக்கு எரியாவிட்டால் ஆணையாளரின் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.